கடித நாவல் வாசிப்பு: ஞாயிறு கூடல்

நண்பர்களே, வணக்கம். ஜூன் 14, ஞாயிறு மாலை 5 மணிக்கு ஜூமில் கூடுகிறோம். பிரெஞ்சு எழுத்தாளர் லக்லோவின் 'ஆபத்தான உறவுகள்' (1782), அதன் தொடர்ச்சியாக டச்சு எழுத்தாளர் ஹெல்லா ஹாசே 1976இல் எழுதிய நாவல், இரண்டையும் பேசப்போகிறோம்.

பழைய கதையின் முடிவில் மெர்த்தேய் சீமாட்டி, அம்மையில் ஒரு கண்ணை இழந்து, வைரங்களை எடுத்துக்கொண்டு ஹாலந்துக்கு ஓடுகிறாள். ஹாசே அவளை தி ஹேக் பக்கம் குடிவைத்து, தானே அவளுக்குக் கடிதம் எழுதுகிறார். என்னை அப்படியே உட்காரவைத்த இடம் அது!

1. லக்லோ நாவலின் 175 கடிதங்களையும் முடிக்காதவர்கள் 81ஆம் கடிதத்தையும் கடைசிக் கடிதத்தையும் கட்டாயம் படித்துவிடுங்கள்.
2. ஹாசேயின் கதையை நான் சொல்கிறேன்.
3. மெர்த்தேய்க்கு நீங்களும் அரைப் பக்கக் கடிதம் எழுதி வாருங்கள்.
4. வருகையை வெள்ளி இரவுக்குள் இங்கேயே தெரிவியுங்கள்.