சாமி கும்பிடாத மலைப் பயணம்

கிளாஸ்கோ

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். "கோயிலும் இல்லாத மலையில பிள்ளைகளைக் கூட்டிட்டுப் போய் என்னதான் பண்ணுதிய?" என்று போனில் கேட்டீர்களே, விவரமாகவே எழுதுகிறேன்.

ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போய் ஆற்றங்கரையில் குடில் போட்டுத் தங்குவோமே, கிட்டத்தட்ட அதேதான். கிடாவெட்டும் பொங்கலும் மட்டும் கிடையாது. அங்கே கோயில் இருக்கிற காரையார் போக வனத்துறை செக்போஸ்ட்டில் நிற்க வேண்டும். இங்கே ஸ்காட்லாந்தில் அப்படி இல்லை, 2003-ல் ஒரு சட்டம் போட்டார்கள். தனியார் நிலமானாலும் மலையில், ஏரிக்கரையில் யாரும் நடக்கலாம், சின்னக் கூடாரம் அடிக்கலாம். வீடுகளை ஒட்டிப் போகக் கூடாது, பயிரை மிதிக்கக் கூடாது, குப்பையைக் கையோடு எடுத்து வந்துவிட வேண்டும். லோமண்ட் ஏரிக்கரையில் சில இடங்களில் மட்டும் மார்ச் முதல் செப்டம்பர் வரை அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். நிலத்துக்காரர் யாரும் வந்து விரட்டாதது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

பிரிட்டனிலேயே உயரமான மலை பென் நெவிஸ், 1,345 மீட்டர். நம் பொதிகை 1,868 என்று பெரியவள் இங்கே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறாள். ஆனால் இந்த ஏற்றம் ஏறக்குறைய கடல் மட்டத்திலிருந்தே தொடங்குகிறது. மேலே போகப் போக ஒதுங்க ஒரு மரம் இல்லை. பாதி வழியில் இருக்கிற ஏரி வரை போய், புளியோதரையைச் சாப்பிட்டுவிட்டு இறங்கிவிட்டோம்.

அப்புறம் மாலெய்க் துறைமுகத்துக்குப் போகும் வழியில் கிளென்ஃபினன் ரயில் பாலம். செங்கோட்டை தாண்டிப் பதின்மூன்று கண் பாலம் இருக்கிறதே, இதற்கு 21 கண். மாலெய்க்கில் காரோடு கப்பலேறி ஸ்கை தீவு. 1995-லேயே தீவுக்குப் பாலம் வந்துவிட்டது. சின்னவன்தான் கப்பல் வேண்டும் என்று ஒரே பிடிவாதம்.

தீவில் நல்ல மழை. இராத்திரி பத்து மணிக்கும் வெளிச்சம் இருப்பதால் பிள்ளைகள் தூங்கமாட்டேன் என்கிறார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், மிட்ஜ் என்று ஒரு பூச்சி இருக்கிறதே! கண்ணுக்கே சரியாகத் தெரியாது. காற்று நின்றால் போதும், கூட்டமாக வந்து கடிக்கும். தலையில் வலை மாட்டிக்கொண்டு டீ குடித்தோம். மாஞ்சோலை அட்டையே தேவலை, உப்பைப் போட்டால் விழுந்துவிடும்.

நீங்கள் வருவதென்றால் மே மாதமே வாருங்கள். மழை குறைவு, மிட்ஜும் அவ்வளவாக இருக்காது. முழங்காலை நினைத்துத் தயங்க வேண்டாம். கிளென்கோ பள்ளத்தாக்கில் ரோடே மலைகளுக்கு நடுவில்தான் போகிறது, காரில் இருந்தபடியே பார்க்கலாம். அம்மாவுக்குக் கம்பளி நான் வாங்கி வைக்கிறேன். இப்போதிருந்தே ஷூ போட்டுப் பழகச் சொல்லுங்கள்.

அன்பு மகள்