டெயின்ட்ரீ போக முதல்

அன்புள்ள தம்பிக்கு,

பிள்ளையின் பிறந்தநாளுக்கு நவம்பர் நடுவில் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்திலுள்ள டெயின்ட்ரீ காட்டுக்குப் போகிறோம் என்று எழுதியிருந்தாய். நல்ல இடமாகப் பார்த்துத்தான் எடுத்திருக்கிறாய். மழைக்காடு மலையிலிருந்து மணல்வரை இறங்கி வருகிறது. மணலுக்கு அப்பால் பவளம் தொடங்கிவிடுகிறது. பெருந்தடுப்புப் பவளத்திட்டு 1981இலும் காடு 1988இலும் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தன. அவை இரண்டும் தொட்டுக்கொண்டிருக்கிற கரை அது.

திட்டத்தில் ஒன்றை மட்டும் மாற்று. கெய்ன்ஸ் நகரில் மூன்று இரவும் தங்கிக்கொண்டு காட்டுக்கு ஒரு நாள் போய் வரலாம் என்று எழுதியிருக்கிறாய். கணக்கைப் பார். கெய்ன்ஸிலிருந்து டெயின்ட்ரீ ஆறு ஏறக்குறைய 105 கிலோமீற்றர். கடலோர வளைவு வீதி என்பதால் இரண்டு மணித்தியாலம் வை. ஆறு கடந்து, காடு கடலைத் தொடுகிற கேப் ட்ரிபியூலேஷன் முனை இன்னும் 35 கிலோமீற்றர். வளைவும் ஏற்றமும் ஒடுக்கமுமாக அது ஒரு மணித்தியாலம் எடுக்கும். போக மூன்று, வர மூன்று. நடுப்பகலில்தான் போய் இறங்குவீர்கள். அந்த நேரத்தில் காடு வாய் மூடிக் கிடக்கும், வெக்கை புழுங்கும், பறவை விலங்கு ஒன்றும் அசையாது. காடு விழிப்பது விடியலிலும் பொழுதுபட்ட பிறகும். இரண்டையும் பார்க்க வேண்டுமென்றால் ஆற்றுக்கு வடக்கே இரண்டு இரவு தங்க வேண்டும். கெய்ன்ஸில் ஒரு இரவு போதும்.

ஆற்றில் பாலம் இல்லை. வடக்கயிற்றில் ஓடும் பாதைதான், கார்களை ஏற்றிக் கடத்துகிற மிதவை. காரைநகரிலிருந்து ஊர்காவற்றுறைக்குப் போகிற பாதையை நினைத்துக்கொள், அதைவிடப் பெரிசு. விடியற்காலையிலிருந்து நள்ளிரவு வரை ஓடும், கடக்க ஐந்து நிமிஷம்தான். ஆனால் காலை ஒன்பதரைக்குப் பிறகு வடக்கே போகிறவர்களும், பின்னேரம் மூன்று மணிக்குப் பிறகு தெற்கே திரும்புகிறவர்களும் வரிசை கட்டுவார்கள். எட்டு மணிக்கு முன் ஆற்றங்கரையில் நில். போக வர இரண்டுக்கும் சேர்த்தே ரிக்கெற் எடுத்துவிடு. குயின்ஸ்லாந்தில் கோடைக்கு மணிக்கூட்டை மாற்றுவதில்லை. நவம்பரில் மெல்பேணைவிட அங்கே ஒரு மணித்தியாலம் பிந்தித்தான் இருக்கும். பவளம் பார்க்கப் போகும் படகைப் பதிவு செய்யும்போது அதில் பிழை விடாதே.

பெற்றோலை ஆற்றுக்கு முன் வரும் மொஸ்மன் ஊரில் நிரப்பு. ஆற்றுக்கு வடக்கே ஊர் மின்சாரம் போகவில்லை. சூரியத் தகடும் ஜெனரேற்றரும்தான். அதனால் சில தங்குமிடங்களில் ஏசி இராது, தலைமயிர் உலர்த்தும் மெஷின் போட விடமாட்டார்கள். பதியும்போதே கேட்டுக்கொள். போன் சிக்னலும் பெரும்பாலான இடத்தில் இல்லை. வரைபடத்தைப் போனில் இறக்கி வை, பதிவுத் தாள்களை அச்சடித்துக் கொண்டு போ. வாடகைக் கார் எடுக்கும்போது கேப் ட்ரிபியூலேஷன் வரை காப்புறுதி செல்லுமா என்று எழுத்தில் கேள். அதுவரை தார் வீதி, சாதாரணக் கார் போதும். அதற்கு வடக்கே ஆறுகளுக்குள் இறங்கி ஏறும் புளூம்ஃபீல்ட் பாதை நாற்சில்லு வாகனத்துக்கு மட்டும் உரியது. "கொஞ்சத் தூரம் போய்ப் பார்ப்போம்" என்று தொடங்காதே.

புறப்பட முதல் நாள் டக்ளஸ் பிரதேச சபையின் வீதி அறிவிப்பையும் தேசியப் பூங்காவின் அறிவிப்பையும் பார். 2023 டிசம்பரில் ஜாஸ்பர் புயல் கரையைக் கடந்த பிறகு கொட்டிய மழையில் அலெக்சாண்ட்ரா மலைத்தொடரில் மண் சரிந்து வீதி அறுந்தது. அந்தச் சரிவுகளில் பெருமழை பெய்தால் எப்போதும் வீதியைப் பற்றி விசாரித்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். அங்கே ஆண்டு மழை 4 மீற்றருக்குக் கிட்ட, யாழ்ப்பாணத்தைப் போல மூன்று மடங்கு. கடல் காற்று ஈரத்தோடு வந்து 1,374 மீற்றர் உயரமான தோர்ன்டன் சிகரத்தில் மோதி மேலெழுந்து குளிர்வதால் வருகிற மழை. நவம்பரில் முழு மாரி தொடங்கியிராது. பின்னேரம் ஒரு இடிமழை வரலாம், காலை பெரும்பாலும் வெளிச்சமாக இருக்கும். தென்கிழக்குக் காற்றும் அடங்கியிருப்பதால் கடல் தட்டையாகக் கிடக்கும். பவளம் பார்க்க ஜூலையைவிட இது நல்ல மாதம்.

நவம்பரில் கடலுக்கு ஒரு விலை உண்டு. நவம்பரிலிருந்து மே வரை சொறிமுட்டை என்கிற ஜெல்லிமீன்களின் காலம். ஊரில் காலில் பட்டுக் கடிக்கிற சொறிமுட்டை அல்ல இது. பெட்டி வடிவச் சொறிமுட்டையின் நஞ்சு நிமிஷக் கணக்கில் இதயத்தை நிறுத்தக்கூடியது. இருக்கான்ஜி என்ற இன்னொரு வகை விரல் நகமளவுதான், கண்ணுக்குத் தெரியாது. பட்ட இடத்தில் சிறு எரிவுதான் இருக்கும். அரை மணித்தியாலம் கழித்து முதுகுவலி, வாந்தி, நெஞ்சு படபடப்பு என்று வரும். அதனால்தான் "ஒன்றுமில்லை, சும்மா கடி" என்று பலர் விட்டுவிடுகிறார்கள். பட்டால் தேய்க்காதே, நல்ல தண்ணீர் ஊற்றாதே. நல்ல தண்ணீர் பட்டால் தோலில் ஒட்டியிருக்கும் வெடிக்காத நச்சுக் கூடுகளும் வெடிக்கும். வினாகிரியைக் குறைந்தது 30 செக்கன் ஊற்ற வேண்டும். கடற்கரைகளில் கம்பத்தில் போத்தல் வைத்திருப்பார்கள், ஆனாலும் ஒரு லீற்றர் வினாகிரி உன் காரில் இருக்கட்டும். உதவிக்கு 000. சிக்னல் இல்லாத இடம் என்பதால், நிலத்தொடர்பு போன் எங்கே இருக்கிறது என்று தங்குமிடத்தில் போன உடனே கேட்டு வை.

அந்தக் கடற்கரைகளில் சொறிமுட்டையைத் தடுக்கிற வலையும் இல்லை. கடற்கரையிலிருந்து இருவரும் தண்ணீரில் இறங்கவே வேண்டாம். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன், முதலையும் அந்தத் தண்ணீரில்தான் இருக்கிறது. உவர்நீர் முதலை ஆற்றுவாயில் மட்டும் கிடப்பதில்லை, கடலோரமாகவும் நீந்தும். செப்டெம்பரிலிருந்து ஏப்ரல் வரை இனப்பெருக்கக் காலம், அப்போது கூடுதலாக அசையும், கூடுதலாகத் தின்னும். நீர் விளிம்பிலிருந்து 5 மீற்றராவது தள்ளி நில். ஓடை கடலில் விழுகிற வாயில் நின்று படம் எடுக்காதே. ஒரே இடத்துக்கு ஒரே நேரத்தில் திரும்பத் திரும்பப் போகாதே, முதலை பழக்கத்தைக் கவனித்து வைக்கும். இருட்டிய பிறகு கடற்கரையில் கைகோத்து நடக்கும் ஆசையையும் விட்டுவிடு.

நீந்தத்தான் வேண்டுமென்றால் இரண்டாம் நாள் பவளத்திட்டுக்குப் போங்கள். கேப் ட்ரிபியூலேஷன் கரையிலிருந்தே படகு போகிறது, அரை மணிக்குள் திட்டில் இருப்பீர்கள். கெய்ன்ஸிலிருந்து போகிற பெரிய படகுகளுக்கு இதைவிட எவ்வளவோ கூடுதல் நேரம் பிடிக்கும். உடல் முழுக்க மூடும் மெல்லிய உடை படகிலேயே தருவார்கள். தலைமூடியும் கையுறையும் சேர்த்துப் போடுங்கள், முகம் மட்டும்தான் வெளியே தெரிய வேண்டும். பிள்ளைக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது என்றால் மாத்திரையைப் புறப்பட ஒரு மணித்தியாலம் முன்பே கொடு, ஆடத் தொடங்கிய பிறகு கொடுத்துப் பயன் இல்லை.

இனிக் காடு. மரப்பலகை நடைபாதைகள் நான்கு உண்டு: ஜிந்தல்பா, மார்ஜா, டுபுஜி, குல்கி. எல்லாம் அந்த மண்ணின் முதற்குடிகளான குக்கு யலாஞ்சி மக்களின் மொழிப் பெயர்கள். 1770இல் ஆங்கிலேய மாலுமி கப்டன் குக்கின் கப்பல் அந்தக் கடலில் பவளத்திட்டில் மோதியதால் அவர் அந்த முனைக்குத் துன்பம் என்று பொருள்படும் ட்ரிபியூலேஷன் என்று பெயர் வைத்தார். அந்த மண்ணின் மக்களுக்கு அது எப்போதும் குல்கிதான். 2021 செப்டெம்பர் 29இல் டெயின்ட்ரீ தேசியப் பூங்கா அவர்களின் கைக்குத் திரும்பியது. மொஸ்மன் பள்ளத்தாக்கில் அவர்களே வழிகாட்டும் நடை இருக்கிறது. திரும்பும் வழியில் அதற்கு இரண்டு மணித்தியாலம் ஒதுக்கு. தனியாகச் சுற்றினால் இலை இலையாகத்தான் தெரியும். அவர்கள் சொன்ன பிறகுதான் எது சாப்பாடு, எது மருந்து, எது நஞ்சு என்று காடு பிரிந்து தெரியும்.

நேரம் குறைவென்றால் மார்ஜா ஒன்றையே நிதானமாகப் பார். 1.2 கிலோமீற்றர்தான். முக்கால் மணியில் முடிக்கலாம் என்று பலகையில் இருக்கும், நீ ஒன்றரை மணி எடு. மழைக்காட்டில் தொடங்கிக் கண்டல் காட்டில் போய் முடிகிறது. நன்னீர் உவர்நீராகிற இடத்தில் மரங்கள் எப்படி மாறுகின்றன என்பதை அத்தனை கிட்டத்தில் வேறெங்கும் பார்க்க முடியாது. மண்ணில் காற்று இல்லாததால் வேர்கள் முழங்கால் மடித்தது போலவும் ஈட்டி நட்டது போலவும் மேலே வந்து மூச்சு விடும். வழியில் விசிறி போல் வட்ட ஓலை விரித்த பனை வகை ஒன்று நிற்கும், லிகுவாலா. அதன் அடியில் நின்று ஓலையினூடாக ஒளியைப் பார்க்கச் சொல். கொக்கி முள்ளோடு தொங்கும் கொடியைத் தொடாதே. அது நம் பிரம்பு இனம்தான். சட்டையில் மாட்டினால் முன்னுக்கு இழுக்காதே, ஒரு அடி பின்னுக்கு வந்து கழற்று.

தரையில் கைமுட்டி அளவில் கனத்த விதை கிடந்தால் இடியோஸ்பெர்மம் என்ற மரத்தினதாக இருக்கலாம். பூக்கும் தாவரங்களின் விதைகளில் பெரும்பாலும் ஒன்றோ இரண்டோ விதையிலை இருக்கும், இதில் மூன்று நான்கு. பூக்கும் தாவரங்களில் மிகப் பழைய கிளைகளில் ஒன்று. அழிந்துவிட்டது என்று நினைத்திருந்தார்கள். 1971இல் டெயின்ட்ரீயில் மாடுகள் செத்து, வயிற்றில் இந்த விதை இருந்ததைப் பார்த்த பிறகுதான் மரம் இன்னும் இருப்பது தெரியவந்தது. எடுத்துப் பார்த்துவிட்டு அங்கேயே வை.

பாதையை விட்டு இறங்க வேண்டாம் என்று சொல்வதற்கு முதல் காரணம் கொட்டு மரம். இதய வடிவில், விளிம்பு பல் வெட்டி, பட்டு போல மயிர் பூத்த இலை. வெயில் விழுகிற வெளிகளிலும் வீதியோரத்திலும்தான் முளைக்கும், அதாவது காரை நிறுத்திவிட்டு ஒதுங்குகிற இடத்தில். காஞ்சோண்டி பட்டால் ஒரு நாள் சொறியும். இது மாதக்கணக்கில் விட்டு விட்டு வலிக்கும். காய்ந்து விழுந்த இலையும் கொட்டும். பட்டால் தேய்க்காதே, தேய்த்தால் கண்ணாடி ஊசி போன்ற மயிர் உள்ளே உடையும். மயிர் பிடுங்குகிற மெழுகுத் தாளை ஒட்டி இழுத்தால் வரும். அந்தத் தாள் ஒரு பெட்டி பையில் போடு.

காசோவரி ஆளுயரப் பறவை. நீலக் கழுத்து, தலையில் கொம்புத் தொப்பி. முட்டையை அடைகாப்பதும் குஞ்சை ஒன்பது மாதமளவு கூட்டித் திரிவதும் தகப்பன்தான். நவம்பரில் குஞ்சோடு வரும், அப்போதுதான் கோபம் கூட. எதிரே வந்தால் ஓடாதே, முதுகைக் காட்டாதே. பையை நெஞ்சுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு மெல்லப் பின்னுக்கு நட. பிள்ளையை உனக்குப் பின்னால் விடு, இடையில் ஒரு மரம் இருக்கட்டும். சாப்பாடு போடவே கூடாது. கையில் தின்னப் பழகிய பறவை வீதிக்கு வந்து கார் மோதிச் சாகிறது. காடு வழியே மெதுவாக ஓட்டு, இருட்டியபின் ஓட்டாதே.

பிறந்தநாள் காலைக்கு வருவோம். சூரியன் 5.40 அளவில் கடலிலிருந்து எழும். அந்த நாள் கடல் வற்று எத்தனை மணிக்கென்று போர்ட் டக்ளஸ் வற்றுப் பெருக்கு அட்டவணையில் பார்த்துக்கொள். வற்று விடியலோடு ஒத்து வந்தால் மியால் கடற்கரையில் மணல் அகலமாகக் கிடக்கும், நண்டுகள் உருட்டிய மணி மணியான மணல் கோலம் அழியாமல் இருக்கும். பெருக்கு நேரமென்றால் கடற்கரை ஒடுங்கி, நீயும் தண்ணீரும் கிட்ட வந்துவிடுவீர்கள். அப்படியானால் குல்கி பார்வைத் தட்டுக்குப் போங்கள். நியூகினியிலிருந்து வந்து தீவுகளில் கூடு கட்டியிருக்கும் வெள்ளைப் புறாக்கள் அந்நேரம் இரை தேடிக் காட்டுக்கு வரும்.

கிரீம் கேக் வாங்காதே. முப்பது பாகை வெக்கையிலும் ஈரத்திலும் ஆறு வருமுன் உருகிவிடும். பட்டர் கேக்கோ பழக் கேக்கோ ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டு போ. வெட்டுவதை அறைக்குள் வெட்டு, மிச்சத்தை மூடி இறுக்கக்கூடிய டப்பாவில் வை. அங்குள்ள வெள்ளைவால் எலி தேங்காயையே கொறித்துத் துளைக்கும், துணிப்பையெல்லாம் அதற்கு ஒரு பொருட்டில்லை. பலூன் கட்டாதே, காற்றில் போனால் ஆமை விழுங்கும்.

இரவு வழிகாட்டியோடு ஒரு நடை போங்கள். மரத்தண்டில் நிமிர்ந்தபடி தூங்கும் பொயிட் ஓணானைத் தனியாகத் தேடினால் காணமாட்டீர்கள், வழிகாட்டியின் கண்ணுக்குத் தெரியும். மூடிய சப்பாத்து, நீளக் கால்சட்டை, நீளக் கை, நுளம்புக்குப் பூசும் மருந்து. திரும்பி வந்து குளிக்கும்போது அக்குள், முழங்கால் மடிப்பு, காதுக்குப் பின் உண்ணி இருக்கிறதா என்று ஒருவருக்கொருவர் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு நாள் உங்களிடமிருந்து சத்தம் வராது என்று அம்மாவிடம் இப்போதே சொல்லி வைக்கிறேன். திரும்பி ஆறு கடந்து மொஸ்மனில் சிக்னல் வந்ததும் ஒரு போன் எடு. அவவுக்குப் பிள்ளையோடு கதைக்க வேண்டும்.

அன்புடன்,
அப்பா