டொமைன் சேர்த்தேன், கடை காணாமல் போனது

பெறுநர்: வாடிக்கையாளர் சேவை மேலாளர்

பொருள்: தளத்தை வேகமாக்கும் உங்கள் சேவையில் டொமைன் (தளத்தின் இணையப் பெயர்) சேர்த்ததால் எங்கள் கடைத் தளம் 9 நாளும் மெயில் 11 நாளும் முடங்கியது, கட்டிய பணத்தைத் திருப்பித் தரக் கோருவது

ஐயா / அம்மா,

வணக்கம். சாட்டில் ஐந்து முறை எழுதியாயிற்று. ஐந்தும் 'தீர்க்கப்பட்டது' என்று மூடப்பட்டுவிட்டதால், ஆறாவதைப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன்.

நாங்கள் சென்னிமலையில் பெட்ஷீட் விற்பவர்கள். தீபாவளிக் கூட்டம் வருகிறதே, தளம் வேகமாகத் திறக்கட்டும் என்று உங்களிடம் ஒரு வருடப் பணம் கட்டி டொமைனைச் சேர்த்தேன். நீங்கள் சொன்னபடி பழைய ரெக்கார்டுகளை (டொமைனின் எந்தப் பெயர் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்ற குறிப்புகள்) ஸ்கேன் செய்தேன், அந்தக் குறிப்புகளைக் கேட்பவர்களுக்குச் சொல்லும் நேம்சர்வராக நீங்கள் கொடுத்த இரண்டையும் போட்டு மாற்றினேன். மறுநாள் காலை டேஷ்போர்டில் 'ஆக்டிவ்' என்று பச்சை விளக்கு. கடையில் இருந்து பார்த்தால் தளமே இல்லை.

உங்கள் ஆள் சொன்னது: "48 மணி நேரம் காத்திருங்கள்." சரி, எங்களுடையது டாட் காம் டொமைன், நேம்சர்வர் மாற்றம் எல்லா இடத்துக்கும் போய்ச் சேர அது நியாயம்தான், காத்திருந்தேன். மூன்றாம் நாள் கேட்டால் மறுபடி 48. ஐந்தாம் நாளும் 48. அப்புறம் ஒருவர், "எங்களுக்குத் திறக்கிறதே சார், உங்கள் கம்ப்யூட்டர்தான் கோளாறு" என்றார். உண்மையில் என் மனைவியின் போனிலும் திறந்தது, கடை கம்ப்யூட்டரில் திறக்கவில்லை. ஏன் அப்படி என்று யோசிப்பது என் வேலையா, உங்கள் வேலையா?

காரணத்தைக் கடைசியில் கண்டுபிடித்தது பெருந்துறையில் படிக்கும் என் அக்கா மகன். நேம்சர்வர் முன்பு இருந்த பழைய இடத்தில் டிஎன்எஸ்செக் (நேம்சர்வர் தரும் பதில் போலி இல்லை என்று காட்டும் டிஜிட்டல் கையெழுத்து முறை) போட்டிருந்தது. அந்தக் கையெழுத்தைச் சரிபார்க்க உதவும் டிஎஸ் ரெக்கார்டு டாட் காம் பதிவேட்டில் அப்படியே நின்றுவிட்டது. உங்கள் நேம்சர்வர் தரும் பதிலில் அதற்குப் பொருந்தும் கையெழுத்து இல்லை. கையெழுத்தைச் சரிபார்க்கும் இடங்கள் எங்களைப் போலி என்று தள்ளிவிட்டன, சரிபார்க்காதவை திறந்தன. எங்கள் கடை ரூட்டரில் தளங்களைத் தேடித் தரப் போட்டிருப்பது கூகுளின் 8.8.8.8 என்ற சர்வர், அது சரிபார்க்கும். நேம்சர்வரை மாற்றும் முன் டிஎஸ்ஸை எடுக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியாமலா இருக்கும்? டொமைன் சேர்க்கும் பக்கத்தில் ஒரு வரி போட்டிருந்தால் போதுமே. எட்டாம் நாள் எடுத்தோம், ஒரு நாளில் தளம் வந்துவிட்டது.

அதற்கு முந்தைய நாள் நடந்ததை மட்டும் மறக்க முடியவில்லை. "டொமைன் வாங்கிய இடத்தில் கேளுங்கள்" என்று நீங்கள் சொன்னதை நம்பி, கடையைப் பையனிடம் விட்டுவிட்டுக் கோவை காந்திபுரம் போனேன். லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடி. அங்கிருந்தவர் அரை நிமிடம் பார்த்துவிட்டு, "நேம்சர்வர் அவங்களோடது, அவங்ககிட்டயே கேளுங்கண்ணா" என்றார். வாசலில் நின்றபடியே உங்கள் சாட்டைத் திறந்து இதை எழுதினால் வந்த பதில்: "டெக்னிக்கல் விஷயம் உங்களுக்குப் புரியாது, புரிந்த யாரையாவது பேசச் சொல்லுங்கள்." அடுத்த நொடி சாட்டை மூடிவிட்டு, ஐந்து நட்சத்திரம் தரச் சொல்லி ஒரு பெட்டி! இருபத்திரண்டு வருடமாக வியாபாரம் பார்க்கிறேன். துணியைத் தொட்டுப் பார்க்கத் தெரியாமல் வருகிறவரிடம் கூட நான் இப்படிப் பேசியதில்லை.

"விவரம் மெயிலில் அனுப்பியிருக்கிறோம்" என்று இரண்டு முறை சொன்னீர்கள். எந்த மெயிலுக்கு? செத்துக் கிடந்த அதே டொமைன் மெயிலுக்கு! தளம் வந்த பிறகும் மெயில் வரவில்லை. ஸ்கேன் செய்தபோது மெயில் சர்வரின் பெயரையும் நீங்களே ப்ராக்ஸிக்கு (வருகிறவர்களை இடையில் நின்று வாங்கி அனுப்பும் உங்கள் சர்வர்) பின்னால் தள்ளிவிட்டீர்கள். வெப்சைட்டுக்கான ப்ராக்ஸி வழியே மெயில் போகாது என்று என் அக்கா மகனுக்குத் தெரிகிறது. அதையும் அவன்தான் அணைத்தான்.

ஊட்டி லாட்ஜ் ஒன்று 120 பெட்ஷீட் கேட்டு மெயில் போட்டு, திரும்பி வந்துவிட்டதால் எங்கள் தெருவிலேயே இரண்டு கடை தள்ளி வாங்கிக்கொண்டது. குறைத்துச் சொன்னாலும் 2 லட்சம் நஷ்டம், போன பெயரையும் சேர்த்தால் ஐந்துக்குக் குறையாது.

எல்லோரையும் குறை சொல்லவில்லை. இரவு நேரத்தில் பேசிய ஒரு பெண் பொறுமையாகக் கேட்டார், அவருக்கு நன்றி. ஆனால் 15 நாளுக்குள் முழுப் பணமும், காந்திபுரம் வாசலில் நின்றபோது சாட்டில் வந்த அந்தப் பதிலுக்கு எழுத்தில் மன்னிப்பும் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போகும், அதற்கும் அசையாவிட்டால் ஈரோடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு. சாட் படங்கள் எல்லாம் பிரிண்ட் போட்டு வைத்திருக்கிறேன். தயவுசெய்து அது வரை இழுக்க வேண்டாம்.

பேச வேண்டுமானால் போனில் கூப்பிடுங்கள். மதியம் ஒன்றிலிருந்து இரண்டு வரை தறிக்காரர்கள் கணக்குக்கு வருவார்கள், அப்போது மட்டும் வேண்டாம்.

இப்படிக்கு,
கடை உரிமையாளர்,
சென்னிமலை