ஆர்.இ.எம். நால்வருக்கு ஒரு வேண்டுகோள்: பிரிந்தே இருங்கள்

அன்பும் மதிப்பும் மிக்க பில் பெரி, பீட்டர் பக், மைக் மில்ஸ், மைக்கேல் ஸ்டைப் ஆகியோருக்கு,

வணக்கம். 2011-இல் நீங்கள் கலைத்த ஆர்.இ.எம். என்ற உங்கள் அமெரிக்க ராக் இசைக்குழுவின் பாடல்களுக்குக் கீழே நீங்கள் இட்டுவந்த அதே வரிசையில்தான் உங்கள் பெயர்களை எழுதியிருக்கிறேன். மெட்டைக் கொண்டுவந்தது யார், வரியை எழுதியது யார் என்ற பேச்சுக்கே இடம் வைக்காமல், நீங்கள் நால்வரும் சேர்ந்திருந்தபோது படைத்த பாட்டுக்கெல்லாம் நான்கு பெயர்கள், நான்கு சம பங்குகள். இந்த மடலில் நான் சொல்லவிருப்பது முழுவதும் அந்த ஒற்றை வரியை நம்பித்தான் நிற்கிறது.

2024 ஜூனில், பாடலாசிரியர்களுக்கான புகழ் மன்றத்தில் உங்களைச் சேர்த்த விழாவில், நீங்கள் நால்வரும் ஒன்றாக நின்று ஒரே ஒரு பாட்டு வாசித்தீர்கள். அன்று தொடங்கிய கூக்குரல் இன்னும் ஓயவில்லை. நால்வரும் உயிரோடு இருக்கிறார்கள், நண்பர்களாகவும் இருக்கிறார்கள், பிறகு ஏன் மீண்டும் ஊர் ஊராகப் போய் வாசிக்கக் கூடாது என்று ரசிகர்கள் கேட்கிறார்கள். நிகழ்ச்சி நடத்துபவர்கள் அதையே பணத்தைக் காட்டிக் கேட்பார்கள். நானும் உங்கள் ரசிகன்தான். ஆனால் என் வேண்டுகோள் வேறு. தயவுசெய்து திரும்பி வராதீர்கள்.

பாட்டு பிடிக்காமல் போனதால் இதைச் சொல்லவில்லை. 1980 ஏப்ரலில், ஜார்ஜியா மாநிலத்து ஏதென்ஸ் நகரில், வழிபாடு நின்றுபோன ஒரு பழைய தேவாலயத்தில், ஒரு பிறந்தநாள் விருந்துக்காக நீங்கள் முதன்முதலில் வாசித்தீர்கள். பக் அப்போது இசைத்தட்டுக் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அந்த விருந்திலிருந்து 2011 வரை முப்பத்தோரு ஆண்டுகள், பதினைந்து ஆல்பங்கள். பெரிய நிறுவனம் எதுவும் திரும்பிப் பார்க்காத காலத்தில் ஹிப்-டோன் என்ற சின்னஞ்சிறு நிறுவனத்தில் முதல் தட்டு, பிறகு ஐ.ஆர்.எஸ். நிறுவனத்தில் ஐந்து ஆல்பங்கள், 1988-இல் வார்னர். கல்லூரி வானொலிகளின் தயவில் ஒரு குழு படிப்படியாக ஏறி உலகின் உச்சிக்கே போக முடியும் என்று காட்டியவர்கள் நீங்கள். உங்களுக்குப் பின் வந்த எத்தனையோ குழுக்கள் அந்த வழியில்தான் நடந்தன.

நான் பெரிதாக மதிப்பது நீங்கள் உச்சிக்குப் போனதைக் காட்டிலும் போன விதத்தை. 'மர்மர்' ஆல்பத்தைத் தொடங்கியபோது நிறுவனம் வேறொரு தயாரிப்பாளரை அனுப்பிப் பார்த்தது. அவர் ஒரே பாட்டைத் திரும்பத் திரும்ப வாசிக்க வைத்தார். கேட்காமலேயே சின்தசைசர் ஒலியைச் சேர்த்தார். நால்வரும் ஒரே குரலில் மறுத்து, மிட்ச் ஈஸ்டரையும் டான் டிக்சனையும் தயாரிப்பாளர்களாகக் கேட்டு வாங்கினீர்கள். அப்போது உங்கள் கையில் ஒரு முழு ஆல்பம்கூட இல்லை. நிறுவனத்தோடு மல்லுக்கட்டும் நிலையிலா இருந்தீர்கள்? ஆனாலும் மறுத்தீர்கள். கித்தார் மணியைப் போல ஒலிக்க, வரிகள் பாதி புரிந்தும் புரியாமலும் நழுவிப்போக, அந்த 1983-ஆம் ஆண்டின் சிறந்த ஆல்பமாக ரோலிங் ஸ்டோன் இதழின் விமர்சகர்கள் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். மைக்கேல் ஜாக்சனின் 'த்ரில்லர்' விற்றுக் குவிந்துகொண்டிருந்த ஆண்டு அது என்பதை இன்று நினைத்தாலும் வியப்பாக இருக்கிறது.

'லூசிங் மை ரிலிஜன்' பாட்டையே எடுத்துக்கொள்வோம். திரு. பக், நீங்கள் புதிதாக வாங்கிய மாண்டலினை மடியில் வைத்துக்கொண்டு, தொலைக்காட்சி பார்த்தபடியே பழகிக்கொண்டிருந்தீர்கள். ஒலிப்பதிவுக் கருவி பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தது. மறுநாள் போட்டுக் கேட்டால், தட்டுத் தடுமாறிய பயிற்சிக்கு நடுவே அந்த மெட்டு கிடந்தது. அதைத் தூக்கி நிறுத்தும் பேஸ் கித்தார் மில்ஸ் தந்தது. ஆர்ப்பாட்டமில்லாத டிரம்ஸ் பெரி தந்தது. சொல்லிவிட்டோமோ, சொல்லாமலே இருந்திருக்கலாமோ என்று தவிக்கும் அந்தக் குரல் ஸ்டைப்புடையது. பல்லவி என்று சொல்ல ஒன்றும் இல்லாத, நான்கரை நிமிடம் ஓடும் இந்தப் பாட்டை முதலில் வெளியிட வார்னர் தயங்கியது. நீங்கள் அசையவில்லை. 1991-இல் அது அமெரிக்கப் பட்டியலில் நான்காம் இடம்வரை போனது. அந்தப் பாட்டு இடம்பெற்ற ஆல்பத்துக்கும் சரி, அடுத்த ஆண்டு வந்த 'ஆட்டோமேட்டிக் ஃபார் த பீப்பிள்' ஆல்பத்துக்கும் சரி, நீங்கள் சுற்றுப்பயணம் போகவில்லை. புகழ் கொழிக்கும் நேரத்தில் வீட்டில் இருக்கலாம் என்று முடிவெடுக்க நால்வரும் ஒத்துக்கொள்ள வேண்டியிருந்தது, ஒத்துக்கொண்டீர்கள். ஒருவர் வேண்டாம் என்றாலும் அந்தக் காரியம் நடக்காது என்பதுதானே உங்களுக்குள் இருந்த விதி?

அந்த விதிக்கு உண்மையான சோதனை 1995 மார்ச் முதல் தேதி, சுவிட்சர்லாந்தின் லொசானில் வந்தது. பெரி மேடையிலேயே சாய்ந்தார். மூளையில் இரத்தக்குழாய் வீங்கி வெடித்திருந்தது. அறுவைச் சிகிச்சை முடிந்து, மே மாதத்திலேயே மீண்டும் டிரம்ஸ் முன்னால் உட்கார்ந்தார். அதே பயணத்தில் மில்ஸுக்கும் ஸ்டைப்புக்கும்கூட அறுவைச் சிகிச்சை நடந்தது. அடுத்த ஆண்டு வார்னரோடு போட்ட புதிய ஒப்பந்தம் 8 கோடி டாலர் என்று பத்திரிகைகள் எழுதின. 1997 அக்டோபரில் பெரி விலகினார்.

திரு. பெரி, நீங்கள் வைத்த நிபந்தனையை நான் மறக்கவே மாட்டேன். நான் போவதால் குழு உடையும் என்றால் போக மாட்டேன், மற்ற மூவரும் தொடர்வதாகச் சொன்னால்தான் போவேன் என்றீர்கள். போக விரும்பும் ஒருவர், தான் போவதற்கு மற்றவர்களிடம் இசைவு கேட்டு நின்ற வேறொரு குழுவை எனக்குத் தெரியாது. பிறகு நீங்கள் விவசாயம் பார்க்கப் போய்விட்டீர்கள்.

மற்ற மூவரும் தொடர்ந்தது சரியா என்று ரசிகர்கள் இன்றைக்கும் மோதிக்கொள்கிறார்கள். சரிதான் என்பது என் முடிவு. டிரம்ஸ் இருந்த இடத்தில் இயந்திரத் தாளத்தை வைத்துக்கொண்டு, கையைத் துழாவித் துழாவி வழி தேடிய 'அப்' ஆல்பம் எனக்கு மிகவும் பிடித்தமானது. அது இன்னும் நல்ல பெயர் பெற்றிருக்க வேண்டும். 2004-இல் வந்த 'அரவுண்ட் த சன்' களைத்துப்போன ஆல்பம். அந்தப் பாட்டுகள் உங்களுக்கே சலித்திருந்தன என்று பக் பின்னாளில் வெளிப்படையாகச் சொன்னார். அவர் அப்படிச் சொன்னதால்தான் 2008-இல் வேகமும் கோபமுமாக வந்த ஆல்பத்தை நம்பிக் கேட்க முடிந்தது.

2011 மார்ச்சில் 'கொலாப்ஸ் இன்டு நௌ' வந்தது. அட்டையில் ஸ்டைப் கையை உயர்த்திக்கொண்டு நிற்கிறார். அது விடைபெறும் கை என்று அன்று யாரும் கண்டுகொள்ளவில்லை. செப்டம்பர் 21 அன்று நீங்கள் அறிவித்த பிறகுதான் அட்டையை மீண்டும் எடுத்துப் பார்த்தோம். வார்னருக்குத் தர வேண்டிய ஆல்பங்களைத் தந்து முடித்திருந்தீர்கள். வழக்கு இல்லை, ஒருவர்மேல் ஒருவர் பழி இல்லை, கடைசிப் பயணம் என்று விளம்பரம் செய்து டிக்கெட் விற்கவும் இல்லை. கடைசியாக முழு நிகழ்ச்சி நடத்தியது 2008 நவம்பரில், மெக்சிகோ நகரில். அன்று கூட்டத்தில் நின்றவர்களுக்கு அதுதான் கடைசி என்று தெரியாது. இதை ஏமாற்றம் என்று சொல்லும் ரசிகர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. பிரிவையே ஒரு விற்பனைச் சரக்காக்கியிருந்தால், முப்பத்தோரு ஆண்டு காத்த மரியாதையைக் கடைசி ஆறு மாதத்தில் விலை பேசியதாக ஆகியிருக்கும்.

இதனால்தான் திரும்பி வராதீர்கள் என்கிறேன். உங்கள் குழு உடைந்துபோன ஒன்று இல்லை, நீங்களே கூடிப் பேசி முடித்துவைத்த ஒன்று. சண்டையில் பிரிந்தவர்கள் சமாதானமாகி மேடையேறினால் அதில் ஒரு பொருள் இருக்கிறது. உங்களுக்குச் சமாதானம் ஆக வேண்டிய சண்டையே இல்லை. ஐந்து கண்டங்களில் அரங்குகளை நிரப்பப் பழைய பாட்டுகளை வரிசையாக வாசிப்பதற்கு, கூட்டத்தின் ஆசையையும் பணத்தையும் தவிர வேறு காரணம் இருக்காது. அந்த இரண்டுக்காகவும் நீங்கள் ஒருபோதும் முடிவெடுத்ததில்லை. ரசிகர்களாகிய எங்களுக்கு இனி நீங்கள் தர வேண்டிய பாக்கி எதுவும் இல்லை.

உங்கள் ஊரில், நண்பர்கள் உங்கள் பாட்டுகளை வாசிக்கும் இரவில், '40 வாட்' என்ற இசையரங்கில் ஏறி ஒரு பாட்டு வாசிக்க வேண்டும் என்று தோன்றினால் வாசியுங்கள். அது உங்கள் மகிழ்ச்சி. அங்கே இருப்பவர்களின் அதிர்ஷ்டம். அதைப் படம்பிடித்துக்கொண்டு வந்து, பார்த்தீர்களா, இனி சுற்றுப்பயணம்தான் என்று சொல்பவர்களுக்குப் பதில் சொல்லக்கூட வேண்டாம்.

உங்களிடம் ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். உங்களுக்குள் இருந்த ஏற்பாட்டை எழுதி வெளியிடுங்கள். சம பங்கு என்று முதலில் சொன்னது யார்? அதை என்றைக்கு எழுத்தில் வைத்தீர்கள்? மூவர் ஆம் என்று சொல்லி ஒருவர் மறுத்த நாட்களில் அந்த அறையில் என்ன பேசினீர்கள்? 1997-இல் கணக்குகளை எப்படித் தீர்த்தீர்கள்? 2011-இல் அந்தப் பேச்சை முதலில் எடுத்தது யார்? பாட்டுக்குக் கீழே யார் பெயர் போடுவது என்பதிலேயே உடைந்துபோகும் இளம் குழுக்கள் எத்தனையோ. அவர்கள் உங்கள் பாட்டுகளைக் கேட்டு வளர்ந்தவர்கள். கித்தாரை எப்படிப் பிடிப்பது என்பதை உங்களிடமிருந்து கற்றுவிட்டார்கள். இதையும் கற்கட்டும். பத்துப் பக்கம் போதும். கீழே நான்கு பெயர்களையும் பழைய வரிசையிலேயே போடுங்கள்.

மாறாத அன்புடன்,
உங்கள் ரசிகன்