கைப்பிடி சுத்தத் தெரிஞ்சா போதுமாண்ணே?

லண்டன்ல டேட்டா கேபிள், சீலிங், எலக்ட்ரிக்கல்னு சப் காண்ட்ராக்ட் எடுத்து ஆள் வச்சு வேலை பாக்குற நம்ம ஊர் அண்ணன்மாருக்கு,

வணக்கம்ணே. ஒம்பது வருசமா இங்க கேபிள் இழுக்குறேன், உங்கள்ல நாலஞ்சு பேர்கிட்ட வேலையும் பாத்திருக்கேன், கோவப்படாம படிங்க.

போன மாசம் ஒரு ஆபீஸ் ஃபிட் அவுட், அதான் காலி ஆபீஸுக்குள்ள சீலிங், வயரிங்னு எல்லாம் போடுற வேலை. ஊர்லருந்து வந்து மூணு வாரம்கூட ஆகாத தம்பி ஒருத்தன்கிட்ட, ஆள் உள்ள நின்னு கைப்பிடிய சுத்துனா மேல போற பெக்கோலிஃப்ட்ங்கிற அந்த சின்ன லிஃப்ட காட்டி "இப்படி சுத்துனா மேல, அப்படி சுத்துனா கீழ, அவ்ளோதான்டா"ன்னுட்டு சூப்பர்வைசர் டீ குடிக்க போயிட்டாரு. தம்பி மேல போயி சீலிங் பக்கம் கேபிள் போடுற ட்ரேல கெடந்த கேபிள பக்கவாட்டுல புடிச்சு பலங்கொண்ட மட்டும் இழுக்குறான், அது எங்கயோ சிக்கிக்கிச்சு, கேபிள் வரல, அவன் நின்ன கூடைதான் சாஞ்சு வந்துச்சு. ரெண்டு வீல் தரையவிட்டு கெளம்புனத நான் பாத்தேன். "விடுறா!"ன்னு கத்துனேன், விட்டான், தொப்புன்னு திரும்ப உக்காந்துச்சு. அவனுக்கு நடந்தது என்னன்னே புரியல, சிரிக்கிறான்.

அவன் மேல தப்பே இல்ல. நின்னு வேலை பாக்கலாம், ஆனா நின்னு இழுக்கக் கூடாதுன்னு யாருமே சொல்லலையே. மோட்டார் இல்ல, பேட்டரி இல்ல, பாக்க பொம்மை மாதிரி இருக்கு, அதான் நம்மாளுங்க அலட்சியமா விட்டுடுறாங்க. சின்ன பெக்கோலிஃப்ட்ல பிளாட்ஃபார்ம் ஒன்றரை மீட்டர்தான் போகும், தாங்குறது 150 கிலோ, ஒரே ஆள். இந்த 150-ல ஆளும் அடங்கும்ணே! 90 கிலோ ஆளு, 15 கிலோ டூல் பேக், மேல ஒரு 50 கிலோ கேபிள் டிரம் ஏத்துனா கணக்கு தாண்டிருச்சு. அப்புறம் தரை. இங்க ஆபீஸ்ல பாதி எடத்துல தூக்கிவச்ச ஃப்ளோர்தான், வயர் போட டைல கழட்டி வச்சிருப்பாங்க, அந்த ஓட்டைக்குள்ள ஒரு வீல் எறங்குனா போதும்.

ரெண்டு மீட்டருக்கு கீழன்னா ரூல் கிடையாதுன்னு இன்னும் சில பேர் பேசுறீங்க. அது பழைய கதை. உயரத்துல வேலை பாக்குறதுக்குன்னு இங்க இருக்குற 2005 வொர்க் அட் ஹைட் ரெகுலேஷன்ல உயரக் கணக்கே இல்ல, விழுந்தா அடிபடும்னா எந்த உயரமும் உயரம்தான். அதோட 5-வது ரெகுலேஷன் ஏறுறவன் மட்டும் தெரிஞ்சவனா இருக்கணும்னு சொல்லல, வேலைய பிளான் பண்றவரும் சூப்பர்வைஸ் பண்றவரும் தெரிஞ்சவங்களா இருக்கணும், கத்துக்குறவன்னா தெரிஞ்ச ஆளு கூட இருந்து பாத்துக்கணும்னு சொல்லுது. டீ குடிக்க போனவர் அதுல எங்க வர்றாரு?

"அவன்கிட்ட பால் (PAL) கார்டு இருக்கே"ம்பீங்க, அதான் ஆள மேல தூக்குற மெஷினுக்கு ட்ரெய்னிங் முடிச்சா குடுக்குற கார்டு. (ஊர்ல சொன்னா ஆவின் கார்டுன்னு நெனைப்பாங்க.) கத்திரி மாதிரி விரிஞ்சு மேல போற சிசர் லிஃப்ட்டுக்கு எடுத்த கார்டு நல்லதுதான், அஞ்சு வருசம் செல்லும், ஆனா இந்த பெக்கோலிஃப்ட்ல கேட் எப்படி பூட்டும், பிரேக் விழுந்துச்சான்னு எப்படி பாக்குறது, மேல ஒருத்தன் மயங்கிட்டா கீழ நிக்கிறவன் எப்படி எறக்குறது, இதெல்லாம் அந்த மெஷின் பக்கத்துல நின்னு காட்டுனாதான் தெரியும். ஆள தூக்குற மெஷினுக்கு சட்டப்படி ஆறு மாசத்துக்கு ஒருதரம் நடக்குற லோலர் (LOLER) செக் தேதிய டேக்ல பாக்கணும்ங்கிறதுகூட நம்ம பசங்க பாதி பேருக்கு தெரியாது.

இதுல எனக்கு ரொம்ப வயித்தெரிச்சல், வேலைக்கு முன்னாடி பாதுகாப்பு பத்தி பேசுற டூல்பாக்ஸ் டாக்தான். இங்கிலீஷ்ல கடகடன்னு வாசிப்பாங்க, தம்பிங்க தலைய ஆட்டுவாங்க, பேப்பர் சுத்தி வரும், கையெழுத்து. எவனுக்கும் ஒன்னும் ஏறிருக்காது.

நான் கேக்குறது அரை மணி நேரம்ணே. புதுசா வர்ற ஒவ்வொருத்தனுக்கும் தமிழ்ல சொல்லுங்க, அப்புறம் அவனையே செக் பண்ணி, ஏறி, எறங்கி காட்டச் சொல்லுங்க, அதுக்கப்புறம் பேப்பர நீட்டுங்க. உங்களுக்கு நேரமில்லன்னா நான் வந்து சொல்லித் தர்றேன், சனிக்கிழமை காலைல எனக்கு வேலை கிடையாது.

இப்படிக்கு,
உங்ககிட்ட வேலை பாத்த ஒரு தம்பி