தாத்தாவின் குடைக்கம்பி

அன்புள்ள பாப்பாவுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டாய்: "அத்தை, தாத்தா சண்டையில எத்தனை பேரைக் கொன்னார்? ஸ்கூல் ப்ராஜெக்ட்டுக்கு எழுதணும்." எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். அடுப்பில் ஒன்றுமே இல்லை. இதே கேள்வியை உன் வயதில் நானும் அவரிடம் கேட்டிருக்கிறேன். அவர் சொன்ன பதிலைப் போனில் சொல்லி முடிக்க முடியாது, அதனால்தான் எழுதுகிறேன்.

அவர் சொன்னது இதுதான்: "யாரையும் குறி பார்த்த ஞாபகமே இல்லம்மா. நான் குனிஞ்சபடியேதான் இருந்தேன்."

தாத்தா மெட்ராஸ் சாப்பர்ஸ். 1780இல் தொடங்கிய படைப்பிரிவு. பாலம் போடுவது, பாதை அமைப்பது, எதிரி புதைத்து வைத்த கண்ணிவெடியைத் தேடி எடுப்பது, இதெல்லாம் அவர்கள் வேலை. பட்டாளத்தில் மற்றவர்கள் அவர்களைப் பாசமாக 'தம்பி' என்றுதான் கூப்பிடுவார்கள். பெங்களூரில் நீங்கள் வாக்கிங் போகிற அல்சூர் ஏரிக்குப் பக்கத்தில்தான் அவர்களுடைய மையம் இருக்கிறது. அடுத்த முறை அந்த மதில் ஓரமாகப் போகும்போது, 1963இல் டவுசரும் ஒரு துணிப்பையுமாக உள்ளே போன பத்தொன்பது வயதுப் பையனை நினைத்துக்கொள். சீனச் சண்டை முடிந்து படைக்கு நிறைய ஆள் எடுத்த சமயம் அது. எங்கள் வேலூர் பக்கம் பட்டாளத்துக்குப் போவது ஒன்றும் புதிதில்லை. கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். ஆனால் தாத்தா போனதற்குக் காரணம் நம் கிணறு. அந்த வருஷம் வற்றிவிட்டது.

1971 டிசம்பர், பாகிஸ்தானோடு சண்டை. எல்லைக்கு அந்தப் பக்கம் பாகிஸ்தானில் இருக்கும் ஷகர்கர் பக்கம், பசந்தர் என்று ராவியில் போய்ச் சேரும் ஓர் ஆறு. ஆற்றையொட்டிப் பல நூறு கெஜ அகலத்துக்குக் கண்ணி புதைத்திருந்தார்கள். 15ஆம் தேதி ராத்திரி, நம் டாங்குகள் போக அதில் ஒரு வழி திறக்க வேண்டும். டாங்கில் மாட்டிய உருளை முன்னால் போகும், ஆனாலும் தவறியதைக் கையால்தான் தேடியாக வேண்டும். குப்புறப் படுத்து, கூர்க் கம்பியைச் சாய்வாக மண்ணில் மெல்ல இறக்க வேண்டும். நேராகக் குத்தினால் கண்ணியின் தலையில் பட்டுவிடும். சாய்த்து இறக்கினால் பக்கவாட்டில்தான் தட்டும். பார்த்து முடித்த இடத்துக்கு இரண்டு பக்கமும் வெள்ளை நாடா. மேலே ஷெல் விழுந்துகொண்டே இருக்கும். குளிரில் விரல் மரத்துப்போகும், மரத்த விரலுக்குக் கம்பி சொல்வது கேட்காது. அக்குளில் விரலை வைத்துச் சூடாக்கிக்கொண்டு, திரும்பவும் குத்துவாராம்.

வழி பாதிதான் திறந்திருந்தது. அதற்குள் அக்கரையிலிருந்து எதிரி டாங்குகள் வருவதாகச் செய்தி வந்துவிட்டது. பூனா ஹார்ஸ் என்ற நம் படைப்பிரிவின் டாங்குகள் காத்திருக்காமல் மிச்சக் கண்ணிகளுக்கு ஊடாகவே ஓடி அக்கரைக்குப் போய்விட்டன. அப்படிப் போனவர்களில் ஒருவர் அருண் கேத்தர்பால், வயது 21. 16ஆம் தேதி நடந்த டாங்குச் சண்டையில் அவர் இறந்தார். போர் வீரத்துக்கான மிக உயர்ந்த விருதான பரம்வீர் சக்ரா கொடுத்தார்கள். அவர் கண்ணியில் மாட்டவில்லை. அது என் அப்பாவுக்கும், அதாவது உன் தாத்தாவுக்கும், நன்றாகத் தெரியும். ஆனாலும் "இன்னும் ஒரு மணி நேரம் கிடைச்சிருந்தா முழு வழியும் கொடுத்திருப்போம்" என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

17ஆம் தேதி சண்டை நின்றது. ப்ராஜெக்டில் நீ எழுத வேண்டியது அதற்குப் பிறகு நடந்ததைத்தான் என்பேன். சண்டை நின்றாலும் சாப்பர்ஸுக்கு வேலை நிற்கவில்லை. அப்பா மாசக்கணக்கில் அங்கேயே இருந்து கண்ணி எடுத்தார். அது கோதுமை நிலம். சண்டை நடந்தபோது பயிர் ஒரு சாண் உயரம் இருந்ததாம். டாங்குத் தடம் ஓடிய இடமெல்லாம் பச்சை மண்ணோடு மண்ணாக நசுங்கிக் கிடந்ததை அவர் சொல்லும்போது, நம் வயலில் பன்றி இறங்கிய மறுநாள் பேசுவது போலவே இருக்கும். சிம்லா ஒப்பந்தம் ஆகி, 1972 டிசம்பரில் அந்த நிலமெல்லாம் பாகிஸ்தானுக்கே திரும்பப் போனது. "அந்த நிலத்துக்காரன் வந்து ஏர் பூட்டியிருப்பான் இல்ல? நாங்க ஒண்ணையாவது விட்டிருந்தா?" இதை அவர் எத்தனை முறை கேட்டார் என்று எனக்குக் கணக்கில்லை. சாப்பிடும்போது, வரப்பில் உட்கார்ந்திருக்கும்போது, ஒரு தடவை உன் அப்பா கல்யாணத்துக்கு முந்தின நாள் பந்தல் கால் நடும்போதுகூட.

1979இல் ஓய்வு பெற்று வந்து, சேர்த்த பணத்தில் கிணற்றை ஆழப்படுத்தினார். நெல்லும் மல்லாட்டையும் (நிலக்கடலைதான்) போட்டார். பிற்பாடு வாடகை டிராக்டர் விட்டு உழும்போதும் கலப்பை எதிலாவது 'டங்' என்று இடித்தால் ஓட்டுகிறவனை நிறுத்தச் சொல்லி, தானே இறங்கிப் போய்க் கையால் மண்ணை விலக்கிப் பார்ப்பார். எப்போதும் கல்தான் இருக்கும். டிராக்டர்காரருக்கு மணிக்கணக்கில் கூலி ஓடும், அம்மா திட்டுவாள். அவர் கேட்கமாட்டார். நாங்களும் சிறு வயதில் அதற்காகச் சலித்துக்கொண்டோம். அந்தச் சலிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனசு கேட்பதில்லை.

மல்லாட்டைச் செடி பிடுங்கினால், மண் காய்ந்திருக்கும் வருஷத்தில் காய் பாதி அறுந்து உள்ளேயே தங்கிவிடும். மற்றவர்கள் களைக்கொத்தால் கொத்தி எடுப்பார்கள், அதில் நிறையக் காய் வெட்டுப்படும். அப்பா ஒரு பழைய குடைக்கம்பிக்கு மரப்பிடி போட்டு வைத்திருந்தார். அதைச் சாய்த்து மண்ணில் இறக்குவார், கண்ணை மூடிக்கொண்டு. "காய்னா லேசா நெகிழும். கல்லுனா திருப்பித் தள்ளும். கை அழுத்தக் கூடாது, கேக்கணும்." என் விரல்மேல் தன் விரலை வைத்துத்தான் சொல்லிக்கொடுத்தார். ஒரு காய் தட்டுப்பட்டதும் கம்பியைக் கீழே வைத்துவிட்டு, சுற்றியிருக்கும் மண்ணை இரண்டு விரலால் மட்டும் ஒதுக்கி, பச்சைப் பிள்ளையைத் தூக்குவது மாதிரி எடுப்பார். ஒரு மல்லாட்டைக்கு எதற்கு இவ்வளவு என்று அப்போது தோன்றியது.

அந்தச் சண்டைக்காக அவருக்குக் கொடுத்த பஸ்சிமி ஸ்டாரும் சங்ராம் மெடலும் என்னிடம்தான் இருக்கின்றன. போட்டோ எடுத்து அனுப்புகிறேன், ப்ராஜெக்டில் ஒட்டிக்கொள். 2019இல் அவர் போன பிறகு, பாட்டி பெயரில் ஓர் எழுத்து மாறியிருக்கிறது என்று குடும்பப் பென்ஷனை ஓர் அலுவலகத்தில் ஒரு வருஷத்துக்கு மேல் இழுத்தடித்தார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. அதை நீ பெரியவளானதும் சொல்கிறேன்.

மார்கழியில் போட்ட மல்லாட்டை ஏப்ரலில் பிடுங்குவோம். உனக்கும் அப்போது லீவுதான். குடைக்கம்பி மாட்டுக்கொட்டகைக் கூரையில் அவர் செருகிய இடத்திலேயே இருக்கிறது. பிடி கொஞ்சம் ஆடுகிறது, நீ வருவதற்குள் ஆப்பு அடித்து வைக்கிறேன்.

அன்புடன்,
அத்தை