நோட்டீசில் உரிமை இருக்கிறது, வக்கீல் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் பக்கத்து வீட்டு ஆயாவுக்கு வீட்டைக் காலி செய்யச் சொல்லி நீதிமன்ற நோட்டீஸ் வந்தது. எழுபதைத் தாண்டியவர், முதியோர் உதவித்தொகைதான் வருமானம். இலவச சட்ட உதவி கேட்கலாம் என்று நோட்டீசிலேயே இருந்தது. வெளியேற்றம் பற்றிய 1998-ஆம் ஆண்டுச் சட்டப்படி அப்படி எழுதித்தான் ஆக வேண்டும். விசாரணைக்குக் குறைந்தது 14 நாள் முன்பே நோட்டீஸ் தர வேண்டும் என்பதும் அதே சட்டம்தான். சரி, அந்த 14 நாளுக்குள் வக்கீல் கிடைக்க வேண்டாமா? நாங்கள் போன அலுவலகத்தில் விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டு, "கூப்பிடுகிறோம்" என்றார்கள். கூப்பிடவே இல்லை. எதிர்த்தரப்புக்கு வக்கீல் வந்தார். ஆயா தனியாக நின்றார். நல்லவேளை, நீதிபதி வழக்கைத் தள்ளி வைத்தார்.

குற்ற வழக்கில் வக்கீல் இல்லாமல் பெரிய அநீதி நேருமென்றால், அரசு செலவில் வக்கீல் தர வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 35-ஆம் பிரிவு. வயசு காலத்தில் வீடு போவது மட்டும் சின்ன விஷயமா? முதியோரின் நிலையையும் பார்த்தே நீதிமன்றம் வெளியேற்ற உத்தரவு போட வேண்டும். ஆனால் அதை எடுத்துச் சொல்ல ஆள் வேண்டுமே! வெளியேற்ற வழக்குகள் வரும் நாளில் சட்ட உதவி வக்கீல் ஒருவர் நீதிமன்றத்திலேயே இருக்கட்டும். முன்கூட்டி விண்ணப்பித்தவர்களுக்கு மட்டுமல்ல, அன்றைக்கு நோட்டீசும் கையுமாக வருகிறவர்களுக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, டர்பன்